தூரத்துப் போரில் யார் பக்கம் நிற்பது என்பதை எது முடிவு செய்கிறது?

நெடுவழி:
2022 மார்ச் 2. ரஷ்யப் படை உக்ரைனைவிட்டு வெளியேற வேண்டும் என்று ஐ.நா. பொதுச் சபையில் தீர்மானம் வந்தது. ஆதரவு 141, எதிர்ப்பு 5, ஒதுங்கியவை 35. எண்ணிக்கையைப் பார்த்தால் உலகமே ஒரு பக்கம் நின்ற மாதிரி இருக்கும். ஆனால் ஒதுங்கிய 35-இல் இந்தியாவும் சீனாவும் உண்டு. உலக மக்களில் மூன்றில் ஒரு பங்கினர் இந்த இரண்டு நாடுகளில்தான் இருக்கிறார்கள்.

அப்புறம் 2023 டிசம்பர் 12. காசாவில் உடனே போரை நிறுத்தச் சொல்லும் தீர்மானம். ஆதரவு 153, எதிர்ப்பு 10, ஒதுங்கியவை 23. உக்ரைனுக்காக முன்னால் நின்ற அமெரிக்கா இதை எதிர்த்தது. பிரிட்டனும் ஜெர்மனியும் ஒதுங்கின. உக்ரைன் விஷயத்தில் ஒதுங்கிய இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் இதை ஆதரித்தன.

அரசுகளைவிட மக்களைப் பற்றித்தான் எனக்குக் கேள்வி. இடிந்த வீட்டின் படம் ஒன்றுதான். அதை போலந்தின் வார்சாவில் இருப்பவர் பார்த்தால் ஒன்று தோன்றுகிறது, செர்பியாவின் பெல்கிரேடில் இருப்பவர் பார்த்தால் வேறொன்று தோன்றுகிறது. ஏன்? என் எண்ணம் இது: தூரத்துப் போரை யாரும் அந்தப் போராகப் பார்ப்பதில்லை. தங்கள் நாட்டுக்கு முன்பு நடந்ததை அதில் தேடுகிறார்கள். போலந்துக்காரருக்கு 1939 செப்டம்பர் 17-இல் கிழக்கிலிருந்து நுழைந்த சோவியத் படையும், போலந்து அதிகாரிகளை அது கொன்ற காத்தின் படுகொலையும் நினைவில் இருக்கின்றன. செர்பியருக்கு 1999-இல் மேற்கு நாடுகளின் ராணுவக் கூட்டணியான நேட்டோ 78 நாள் குண்டு போட்டது நினைவில் இருக்கிறது. பிரிட்டிஷ் ஆட்சியை அனுபவித்த அயர்லாந்து பாலஸ்தீனர்களைத் தங்கள் ஆட்களாகவே பார்க்கிறது. தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சியை எதிர்த்த காலத்திலேயே ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸுக்கும் பாலஸ்தீன இயக்கத்துக்கும் நெருக்கம் இருந்தது. 2023 டிசம்பர் 29-இல் இஸ்ரேல் மீது தென்னாப்பிரிக்கா சர்வதேச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டதன் வேர் அங்கேதான் இருக்கிறது.

கணக்கன்:
நினைவு, காயம் எல்லாம் மேடைப் பேச்சுக்கு நன்றாக இருக்கும் நண்பரே. யாரிடம் ஆயுதம் வாங்குகிறோம், யாரிடம் எண்ணெய் வாங்குகிறோம், பக்கத்து வீட்டில் யார் மீது பயம் என்று பாருங்கள். முக்கால்வாசி விளங்கிவிடும்.

நினைவோ இனமோ மதமோதான் பக்கத்தைத் தீர்மானிக்கும் என்ற கோட்பாட்டை இந்த மூன்று இடங்களில் வைத்துப் பாருங்கள்.

ஒன்று, 1980 முதல் 1988 வரை நடந்த ஈரான்-ஈராக் போர். இனம்தான் பக்கத்தைத் தீர்மானிக்கும் என்றால் அரபு நாடான சிரியா ஈராக்கோடு நின்றிருக்க வேண்டும். இரண்டு நாட்டிலும் ஆட்சி அரபு தேசியவாத பாத் கட்சியுடையது வேறு. ஆனால் சிரியா ஈரானோடு நின்றது. ஈராக்கின் சதாமும் சிரியாவின் அசாதும் ஒருவரை ஒருவர் நம்பவில்லை, அவ்வளவுதான்.

இரண்டு, அர்மீனியா-அஜர்பைஜான் மோதல். அஜர்பைஜானில் பெரும்பான்மையினர் ஷியா முஸ்லிம்கள். பக்கத்திலேயே ஷியா நாடான ஈரான். ஆனால் ஈரான் பல ஆண்டுகளாகக் கிறிஸ்தவ அர்மீனியாவோடுதான் நெருக்கம். அஜர்பைஜானுக்கு ஆயுதம் விற்றது யார்? இஸ்ரேல். ஈரானுக்குள்ளேயே பெரிய அஜர்பைஜானிய மக்கள்தொகை இருக்கிறது. பக்கத்தில் அஜர்பைஜான் வலுத்தால் தெஹ்ரானுக்குக் கவலை.

மூன்று, 1982-இல் அர்ஜென்டினாவும் பிரிட்டனும் மோதிய ஃபாக்லாந்து போர். தென் அமெரிக்காவின் பெரும்பாலான நாடுகள் அர்ஜென்டினா பக்கம் சாய்ந்தபோது சிலி ரகசியமாக பிரிட்டனுக்கு உதவியது. கண்டத்தின் தென்முனையில் உள்ள பீகிள் கால்வாய்த் தீவுகளுக்காக நான்கு வருடம் முன்புதான் சிலியும் அர்ஜென்டினாவும் சண்டையின் விளிம்புக்குப் போயிருந்தன.

இந்தியாவையும் எடுத்துக்கொள்ளுங்கள். உக்ரைன் போருக்கு முன் இந்தியா வாங்கிய கச்சா எண்ணெயில் ரஷ்யாவின் பங்கு 2 சதவீதத்துக்கும் கீழே இருந்தது. 2023-இல் அது மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியது. இதற்கு நினைவு எதற்கு? தள்ளுபடி விலை போதுமே.

நெடுவழி:
மூன்று உதாரணமும் அரசுகளைப் பற்றியவை. நான் மக்களைக் கேட்டேன். அரசு லாபக் கணக்கோடு முடிவெடுக்கும், சரி. ஆனால் எண்ணெய்த் தள்ளுபடியால் ஒரு பைசாகூடப் பார்க்காதவர் ஏன் உணர்ச்சியோடு ஒரு பக்கம் நிற்கிறார்?

அரசும் மக்களும் நேரெதிராக நின்றதும் உண்டு. 2003 ஈராக் போரில் ஸ்பெயின் பிரதமர் அஸ்னார் அமெரிக்க அதிபர் புஷ்ஷோடு நின்றார், ஸ்பெயின் மக்களில் மிகப் பெரும்பாலோர் போரை எதிர்த்தார்கள். அதே ஆண்டு மார்ச் 1-இல் துருக்கி நாடாளுமன்றத்தில் அமெரிக்கப் படைக்கு வழிவிடும் தீர்மானத்துக்கு 264 பேர் ஆதரவு, 250 பேர் எதிர்ப்பு, 19 பேர் ஒதுங்கினார்கள். வந்திருந்தவர்களில் பாதிக்கு மேல் தேவை என்பதால் அது தோற்றது. அமெரிக்கா பெரிய நிதியுதவி தருவதாகச் சொல்லியும்தான். ஆதாயம் மட்டுமே பேசியிருந்தால் அந்த வாக்கெடுப்பு அப்படி முடிந்திருக்காது.

இந்தியாவிலும் எண்ணெய் 2022-இல் வந்த விஷயம். 1971 அதற்கு முந்தையது. வங்கதேசப் போரின்போது அமெரிக்காவும் சீனாவும் பாகிஸ்தான் பக்கம் நின்றன. அமெரிக்கா கப்பற்படையை வங்காள விரிகுடாவுக்கு அனுப்பியது. பாதுகாப்புச் சபையில் இந்தியாவுக்காக ரத்து அதிகாரத்தைப் பயன்படுத்தியது சோவியத் ஒன்றியம். இதைக் கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு மாஸ்கோ மீது ஒரு நன்றி இருக்கும். அதை எந்தப் பேரல் கணக்கிலும் எழுத முடியாது.

மறுகரை:
இரண்டு பேரும் விளக்கிக்கொண்டே போகிறீர்கள். எனக்கு இதில் வருத்தமான விஷயம் வேறு. ஒரு நாடு எல்லை தாண்டிப் படையோடு இன்னொரு நாட்டுக்குள் போகிறது. அதைத் தப்பு என்று சொல்ல நன்றிக்கடன் ஏன் தடையாக இருக்க வேண்டும்? காசாவில் ஆயிரக்கணக்கில் குழந்தைகள் இறப்பது தப்பு என்று சொல்ல ஜெர்மனிக்கு அதன் வரலாறு ஏன் தடையாக வேண்டும்? 2023 அக்டோபர் 7-இல் ஹமாஸ் செய்த கொலைகளைத் தப்பு என்று சொல்ல பாலஸ்தீன ஆதரவாளருக்கு ஏன் தயக்கம் வர வேண்டும்? 'அவர்கள் வரலாறு அப்படி' என்று விளக்குவது கடைசியில் எல்லோரையும் மன்னித்துவிடும் வேலையாகிறது.

வரலாறு யாரையும் ஒரு பக்கத்தில் கட்டிப் போடுவதும் இல்லை. 2022 பிப்ரவரி 21 இரவு ஐ.நா. பாதுகாப்புச் சபையில் கென்யத் தூதர் மார்ட்டின் கிமானி பேசியதை எடுத்துக்கொள்ளுங்கள். ஆப்பிரிக்க நாடுகளின் எல்லைகளை ஆப்பிரிக்கர்கள் வரையவில்லை, தூரத்துக் காலனியத் தலைநகரங்கள் வரைந்தன, எல்லைக்கு அந்தப் பக்கம் எங்கள் உறவுகள் இருக்கிறார்கள், ஆனாலும் அதைச் சொல்லி நாங்கள் போருக்குப் போகவில்லை என்றார். காலனி ஆட்சியின் நினைவை வைத்தே உக்ரைனுக்காகப் பேசினார். தென்னாப்பிரிக்காவும் காலனி நாடுதான், அது ஒதுங்கியது. ஒரே மாதிரிக் காயம், இரண்டு முடிவு. அப்போது காயம் எதைத் தீர்மானித்தது?

கணக்கன்:
கேட்டீர்களா நெடுவழி. இதற்கு உங்களிடம் பதில் இருக்கிறதா?

நெடுவழி:
இருக்கிறது, கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும்.

எந்த நாட்டிடமும் ஒரே ஒரு நினைவு இல்லை. பல இருக்கின்றன, ஒன்றோடொன்று முரண்படுகிறவையும் இருக்கின்றன. எந்த நேரத்தில் எது மேலே வருகிறது என்பதுதான் விஷயம். அதை இன்றைய பயம் தீர்மானிக்கிறது என்று நினைக்கிறேன்.

போலந்தையே திரும்பப் பார்ப்போம். 1943-இல், இன்று உக்ரைனின் மேற்கில் இருக்கும் வோலினியாவில் உக்ரைனிய தேசியவாதப் படைகள் பல்லாயிரம் போலந்துக்காரர்களைக் கொன்றன. போலந்தில் அது ஆறிய விஷயமே இல்லை. பழைய காயம்தான் பக்கத்தைத் தேர்ந்தெடுக்கும் என்றால் 2022-இல் போலந்து கதவைச் சாத்தியிருக்கலாம். நடந்தது என்ன? அகதிகள் லட்சக்கணக்கில் வந்தபோது மக்கள் தங்கள் வீடுகளைத் திறந்துவிட்டார்கள். அன்று ரஷ்யா மீதிருந்த பயம் பெரிது, அதனால் 1939 மேலே வந்தது. 2023-இல் உக்ரைன் தானியம் மலிவாக வந்து குவிந்து விவசாயிகள் கொதித்தார்கள், போலந்து இறக்குமதிக்குத் தடை போட்டது. வோலினியா பற்றிய பேச்சும் பலமாகத் திரும்பியது.

தென்னாப்பிரிக்காவும் இப்படித்தான். நிறவெறியை எதிர்த்துப் போராடியவர்களுக்கு சோவியத் ஒன்றியம் பயிற்சியும் ஆயுதமும் தந்தது. அந்தப் பயிற்சியில் ஒரு பகுதி அன்று சோவியத் உக்ரைனில் இருந்த கிரிமியாவில் நடந்தது. உக்ரைனும் சோவியத்தின் ஒரு பகுதியாகவே இருந்தது. ஆனால் நன்றி முழுக்க மாஸ்கோ பெயரில் எழுதப்பட்டது. இது இயல்பாக நடந்ததில்லை, ஒரு தேர்வு. கென்யாவுக்கு அப்படி ஒரு நன்றிக்கடன் மாஸ்கோவிடம் கிடையாது. அதன் பயம் வேறு: கிழக்கே சோமாலியா ஒருகாலத்தில் கென்யாவின் வடகிழக்கைத் தன்னுடையது என்று கேட்டது. இன மக்களைக் காட்டி எல்லையை மாற்றலாம் என்று ஒருவர் சொன்னால் கென்யாவுக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும்.

கணக்கன்:
இன்றைய பயம் என்றால் அது நான் சொன்ன ஆதாயக் கணக்கேதான். பெயரை மாற்றியிருக்கிறீர்கள்.

நெடுவழி:
இல்லை. ஆதாயம் தலைநகரத்தில் கணக்குப் போடப்படுவது. பயம் சாப்பாட்டு மேசையில் பேசப்படுவது. தாத்தா பார்த்ததைப் பேரன் இன்னும் பயப்படுகிறான். இதைக் கணக்கில் சேர்க்காததால்தான் அமெரிக்கா துருக்கியில் ஏமாந்தது.

ஈரநிலம்:
இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு பெரிய துண்டை யாரும் தொடவில்லை. மக்கள் நினைவோடு போரைப் பார்க்கிறார்கள் என்கிறீர்களே, அவர்கள் எந்தப் போரைப் பார்க்கிறார்கள்? திரையில் காட்டப்படுவதைத்தான்.

1990 அக்டோபரில் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள் முன்னால் 15 வயதுக் குவைத் பெண் அழுதபடி சாட்சி சொன்னாள்: ஈராக் சிப்பாய்கள் மருத்துவமனையில் குறைமாதக் குழந்தைகளை இன்குபேட்டரிலிருந்து எடுத்துத் தரையில் போட்டார்கள் என்று. போருக்கு ஆதரவு திரட்ட அந்தக் கதை திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டது. போர் முடிந்தபிறகுதான் அவள் அமெரிக்காவுக்கான குவைத் தூதரின் மகள் என்று தெரிந்தது. அந்தச் சம்பவத்துக்கு ஆதாரமும் கிடைக்கவில்லை. 2003-லும் இதே கதைதான். ஈராக் போர் தொடங்கிச் சில மாதம் கழித்து வாஷிங்டன் போஸ்ட் கருத்துக்கணிப்பில் அமெரிக்கர்களில் 69 சதவீதம் பேர், செப்டம்பர் 11 தாக்குதலில் சதாமுக்குத் தொடர்பு இருக்கலாம் என்றார்கள். தொடர்பு எதுவும் கிடையாது. இந்த 69 சதவீதத்துக்கு எந்த முன்னோர் காயம் காரணம்? சொல்லிச் சொல்லி நம்பவைத்தார்கள்.

இன்றைக்கு ரஷ்யத் தொலைக்காட்சி பார்ப்பவரும் போலந்துத் தொலைக்காட்சி பார்ப்பவரும் வேறு வேறு போர்களைப் பார்க்கிறார்கள். ரஷ்யாவில் அதைப் போர் என்று வெளிப்படையாகச் சொன்னதற்கே வழக்குப் போட்டார்கள். அங்கே போய் 'மக்கள் கருத்து' என்று எதை அளப்பது?

மறுகரை:
ஈரநிலம் சொல்வதில் பாதிதான் சரி. இன்று கையில் போன் இருப்பவருக்கு இரண்டு பக்கமும் எட்டும். பார்க்க மனம் வராததுதான் பிரச்சினை.

எனக்கு இந்த விஷயம் வெறும் அறிவு விளையாட்டு இல்லை என்பதற்கு ஒரு காரணம் சொல்கிறேன். 2009 மே 27. முள்ளிவாய்க்காலில் எல்லாம் முடிந்து பத்து நாள்கூட ஆகவில்லை. ஐ.நா. மனித உரிமை மன்றத்தின் சிறப்பு அமர்வில் இலங்கை அரசுக்குச் சாதகமான தீர்மானம் 29 வாக்குகளோடு நிறைவேறியது. எதிர்த்தவை 12, ஒதுங்கியவை 6. ஆதரித்தவர்களில் இந்தியா, சீனா, பாகிஸ்தான் மட்டுமில்லை, கியூபாவும் தென்னாப்பிரிக்காவும் இருந்தன. ஒடுக்கப்பட்டவர்களின் குரல் என்று நாம் நம்பிய நாடுகள். அவர்கள் அங்கே இறந்தவர்களைப் பார்க்கவே இல்லை. மேற்கு நாடுகள் ஒரு சிறிய ஆசிய நாட்டின் மீது விரல் நீட்டுகின்றன என்று மட்டும் பார்த்தார்கள். அறுபதுகளிலிருந்து அமெரிக்கத் தடையில் வாழும் கியூபாவுக்கு அப்படித்தான் தெரியும், அதன் நினைவு அது என்று நெடுவழி சொல்வார். எனக்கும் புரிகிறது. புரிந்து என்ன? இறந்தவர்களின் உறவினரிடம் போய் அதைச் சொல்ல முடியுமா?

நெடுவழி:
சொல்ல முடியாது. நான் சொல்லவும் மாட்டேன். ஆனால் அது ஏன் நடந்தது என்று தெரிந்தால் அடுத்த தடவை ஹவானாவிடமோ பிரிட்டோரியாவிடமோ எந்த மொழியில் பேசுவது என்று தெரியும். மனித உரிமை என்று மேற்கு நாடுகளின் வாயால் கேட்டபோது அவர்களுக்கு எரிச்சல் வந்தது. காலனியத்தின் மொழியில் பேசிய கிமானியின் உரை உலகம் முழுக்கப் பரவியது. நீங்களே கொடுத்த உதாரணம்தான்.

கணக்கன்:
பரவியது, சரி. எத்தனை வாக்கை மாற்றியது?

இன்னொன்றையும் பார்த்துவிடலாம். 2025 பிப்ரவரி 24, போர் தொடங்கி சரியாக மூன்று ஆண்டு. ஐ.நா. பொதுச் சபையில் உக்ரைன் கொண்டுவந்த தீர்மானத்துக்கு 93 ஆதரவு, 18 எதிர்ப்பு, 65 ஒதுங்கல். எதிர்த்தவர்களில் ரஷ்யாவோடு அமெரிக்காவும் இருந்தது. மூன்று ஆண்டில் அமெரிக்காவின் வரலாற்று நினைவு மாறிவிட்டதா? மாறியது அதிபர்.

ஈரநிலம்:
மக்களும் கொஞ்சம் மாறினார்கள், அதுதான் கவனிக்க வேண்டியது. ரஷ்யாவை எதிரி என்று சொல்லும் குடியரசுக் கட்சி ஆதரவாளர்களின் பங்கு 2022-க்குப் பிறகு வெகுவாகக் குறைந்தது. பனிப்போர் முழுக்க மாஸ்கோவை எதிர்த்த கட்சி அது. தலைவர் திரும்பினார், பின்னாலேயே பலரும் திரும்பினார்கள். நெடுவழி, உங்கள் தாத்தா-பேரன் கணக்கு இங்கே எப்படிப் பொருந்தும்?

நெடுவழி:
திரும்பாதவர்களையும் பாருங்கள். அங்கே ரஷ்யா பக்கம் என்று வெளிப்படையாகச் சொல்பவர் இன்றும் மிகச் சிலர்தான். அமெரிக்கா மீது எந்த ரஷ்யப் படையும் நடந்து வந்ததில்லை, அதனால் அங்கே இந்தக் கருத்து கட்சியோடு சேர்ந்து அசைகிறது. சோவியத் ஆட்சியில் இருந்த எஸ்தோனியாவில் எந்தத் தலைவர் வந்தாலும் இப்படித் திருப்ப முடியாது. நினைவு ஆழமாக இருக்கும் இடத்தில் தொலைக்காட்சியின் பலம் குறைவு, ஆழமில்லாத இடத்தில் அதிகம். இதுதான் என் பதில்.

மறுகரை:
அப்படியானால் ஜெர்மனிக்கும் நமீபியாவுக்கும் பதில் சொல்லுங்கள். இரண்டிலும் நினைவு ஆழம்தான். யூதப் படுகொலையைச் செய்த நாடு என்பதால் இஸ்ரேலின் பாதுகாப்பு எங்கள் அரசின் அடிப்படைக் கடமை என்று 2008-இல் அன்றைய ஜெர்மன் அரசுத் தலைவர் மெர்கல் இஸ்ரேல் நாடாளுமன்றத்திலேயே சொன்னார். 1904 முதல் 1908 வரை ஹெரேரோ, நாமா மக்களை ஜெர்மானியர்கள் அழித்தது நமீபியாவில். 2024 ஜனவரியில் சர்வதேச நீதிமன்றத்தில் இஸ்ரேலுக்காக ஜெர்மனி பேச முன்வந்தபோது, எங்கள் மண்ணில் செய்ததற்கே நீங்கள் இன்னும் முழுதாகப் பரிகாரம் செய்யவில்லையே என்று நமீபிய அதிபர் கண்டித்தார். ஒரே நாடு செய்த இரண்டு இனப்படுகொலைகள். ஒன்றின் நினைவு மட்டும் அரசின் கொள்கையாகிறது. இதில் பயம் எங்கே இருக்கிறது? யாருடைய சாவு கணக்கில் வருகிறது என்பதுதான் இருக்கிறது.