கேஏ நம்பர் பேக்ஹோவை ஓசூர் பக்கம் ரோட்டில் ஓட்ட என்னென்ன பேப்பர் வேண்டும்?

மண்வேலை_ஓசூர்:
கர்நாடகாவில் பதிவான பழைய பேக்ஹோ (முன்னால் பக்கெட், பின்னால் தோண்டும் கை உள்ள டயர் வண்டி) ஒன்று விலைக்கு வருகிறது. சூளகிரி, ஓசூர் சுற்றி 10–15 கி.மீ. ரோட்டிலேயே ஓட்டிப் போகவேண்டி இருக்கும். எஃப்சி (தகுதிச் சான்று), பெர்மிட் தேவையா? ஆபரேட்டரிடம் எல்எம்வி (இலகுரக வாகன) லைசென்ஸ்தான் இருக்கிறது. சைட்டுக்கு எடுத்த பிளான்ட் பாலிசி (மெஷின் இன்சூரன்ஸ்) ஓனரிடம் இருக்கிறது, அது போதுமா? கூடவே ஒரு செயின் பொக்லைனும் (டயருக்குப் பதில் இரும்புச் செயினில் ஓடும் தோண்டும் மெஷின்) பேசிக்கொண்டிருக்கிறோம்.

ஆர்சி_புக்:
மத்திய மோட்டார் வாகன விதிப்படி பேக்ஹோ, லோடர், மொபைல் கிரேன் எல்லாம் 'கட்டுமானக் கருவி வாகனம்'. அது நான்-டிரான்ஸ்போர்ட் வகை. பெர்மிட் கிடையாது, வருஷா வருஷம் எஃப்சி கிடையாது. ஆனால் ஆர்சி (பதிவுச் சான்று) இல்லாமல் ரோட்டில் இறக்கவே கூடாது.

ஆர்சி 15 வருஷம் செல்லும். பிறகு படிவம் 25 கொடுத்து, மெஷினைக் கொண்டுபோய்க் காட்டி, 5 வருஷத்துக்குப் புதுப்பிக்கணும். அட்வான்ஸ் கொடுக்கும் முன் அந்தத் தேதியைப் பாருங்கள். சேஸி நம்பரை மெஷினில் துடைத்துப் பார்த்து ஆர்சியோடு ஒப்பிடுங்கள். லோன் பாக்கி ஆர்சியில் ஏறியிருந்தால் ஃபைனான்ஸ்காரர் கையெழுத்திட்ட படிவம் 35 முதலில் வரணும். அப்புறம் என்ஓசிக்கு (தடையில்லாச் சான்று) படிவம் 28, பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. இங்கே 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் டிஎன் நம்பர் கட்டாயம்.

எல்எம்வி போதும் என்று புரோக்கர் சொல்வார், நம்பாதீர்கள். லைசென்ஸில் லோடர்/எக்ஸ்கவேட்டர் வகுப்பு தனியாக ஏறியிருக்கணும். எல்எல்ஆர் (பழகுநர் லைசென்ஸ்) போட்டு 30 நாள் கழித்து டெஸ்ட் கொடுக்கலாம். உரிய லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் ஓட்டியவருக்கு 5,000, ஓட்டவிட்ட ஓனருக்கு 5,000 ரூபாய் அபராதம்.

பாலிசி_பார்:
பிளான்ட் பாலிசி மெஷினுக்கு வரும் சேதத்துக்கு. ரோட்டில் ஒருவரை இடித்தால் அதில் ஒன்றும் கிடைக்காது. மோட்டார் தேர்ட் பார்ட்டி பாலிசி தனியாக வேண்டும். 'மிஸ்லேனியஸ், ஸ்பெஷல் டைப்' வகையில் போடுவார்கள். அது இல்லாமல் பிடிபட்டால் முதல் தடவை 2,000, அடுத்த தடவை 4,000 ரூபாய், 3 மாதம் வரை சிறையும் உண்டு. அபராதம் சின்ன விஷயம். விபத்தில் டிரிபியூனல் (இழப்பீட்டுத் தீர்ப்பாயம்) சொல்லும் இழப்பீடு முழுக்க ஓனர் தலையில். பாலிசி இருந்து லைசென்ஸ் சரியில்லை என்றாலும், கம்பெனி பணத்தைக் கட்டிவிட்டு ஓனரிடம் வசூலிக்க வரும்.

காம்ப்ரிஹென்சிவ் (மெஷின் சேதத்துக்கும் சேர்த்த மோட்டார் பாலிசி) எடுத்தால் ஐஎம்டி 47 என்ற எண்டார்ஸ்மென்டை (பாலிசியோடு சேர்க்கும் நிபந்தனை) படியுங்கள். வேலை செய்யும்போது மெஷின் கவிழ்ந்தால் கிளெய்ம் இல்லை என்று அதில்தான் இருக்கும். கூடுதல் பிரீமியம் கட்டி அந்த விலக்கை எடுக்கலாம்.

பின்_பக்கெட்:
பேப்பர் சரியாக இருந்தும் விபத்து நடப்பது பிரேக்கில். பேக்ஹோவில் வலது, இடது பின் சக்கரத்துக்குத் தனித்தனி பெடல். சைட்டில் சட்டெனத் திரும்ப, இரண்டையும் இணைக்கும் லாக்கைக் கழற்றிவிட்டு, ரோட்டுக்கு வரும்போது மறந்துவிடுவார்கள். வேகத்தில் ஒரு பெடலை மட்டும் மிதித்தால் வண்டி அந்தப் பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். ரோடு ஏறும் முன் இரண்டு பெடலையும் சேர்த்துப் பூட்டணும்.

பூம் (பின்னால் உள்ள தோண்டும் கை) நடுவில் மடக்கி லாக், அது பக்கவாட்டில் திரும்பாமல் தடுக்கும் ஸ்லூ பின் போட்டு, ஜாக்கி (தரையில் ஊன்றும் கால்) முழுக்க மேலே. பின் போடாவிட்டால் வளைவில் பூம் எதிரே வரும் வண்டிமேல் வீசும். முன் பக்கெட் காலியாக, தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில். அதற்கு மேல் தூக்கினால் ஹெட்லைட்டும் பார்வையும் மறையும். பக்கெட்டில் ஆள் ஏற்றவே கூடாது. அகலம் பயண நிலையில் 3 மீட்டர் வரை அனுமதி. 2.6 மீட்டரைத் தாண்டும் பகுதிக்கு முன்னும் பின்னும் மஞ்சள்-கறுப்புப் பட்டை, இரவில் சிவப்பு விளக்கு வேண்டும்.

மண்வேலை_ஓசூர்:
செயின் பொக்லைன்? பக்கத்து சைட் 2 கி.மீ.தான்.

ஆர்சி_புக்:
2 கி.மீ. என்றாலும் லோபெட்டில்தான் (மெஷின் ஏற்றும் தாழ்வான டிரெய்லர்). டயர், ரப்பர் பேட், ஸ்டீல் டிரம் வண்டிகளைத்தான் கட்டுமானக் கருவி வாகனம் என்று அந்த விதி சொல்கிறது. இரும்புச் செயின் அதில் இல்லை. தார் ரோடும் பெயர்ந்துபோகும். 20 டன் மெஷின்களில் பலதும் 2.6 மீட்டரைவிட அகலம். லோபெட்காரரிடம் அகலச் சுமைக்கான அனுமதி இருக்கிறதா என்று வாடகை பேசும்போதே கேட்டுவிடுங்கள்.