பனாமா கால்வாயில் பயணக் கப்பல் எந்த நீர்ப்பூட்டுகளின் வழியே செல்லும்?

கரைக்காற்று:
வரும் சனவரியில் கரீபியன் கடலிலிருந்து பனாமா கால்வாய் வழியே பசிபிக் பெருங்கடலுக்குச் செல்லும் பயணக் கப்பலில் இடம் பதிவு செய்திருக்கிறோம். பயண நிரலில் அந்த நாளுக்கு நேரே ‘கால்வாயைக் கடக்கும் நாள்’ என்று மட்டுமே இருக்கிறது. கப்பல் பழைய நீர்ப்பூட்டுகளின் (நீரை நிரப்பியும் வடித்தும் கப்பலை ஏற்றி இறக்கும் கதவுள்ள தொட்டிகள்) வழியே போகுமா, 2016-இல் திறக்கப்பட்ட புதியவற்றின் வழியே போகுமா என்பது எங்கும் குறிப்பிடப்படவில்லை. இருமருங்கிலும் தண்டவாளத்தில் ஊர்ந்தபடி கப்பலைக் கயிறு கட்டிப் பிடித்து வரும் மின் எஞ்சின்களை நேரில் பார்க்கும் ஆசையில்தான் இந்தப் பயணத்தையே தேர்ந்தெடுத்தேன். முகவரைக் கேட்டால், மூவாயிரம் பேர் செல்லும் பெரிய கப்பலாயிற்றே, புதிய வழியாகத்தான் போகும் என்கிறார். பயணிகளின் எண்ணிக்கையைக் கொண்டு இதை முடிவு செய்யலாமா?

நங்கூரம்:
பயணிகளின் எண்ணிக்கையும் டன் கணக்கும் இதற்கு உதவா. முதலில் பார்க்க வேண்டியது கப்பலின் அகலம், அடுத்தது நீளம். 1914 முதல் இயங்கிவரும் பழைய நீர்ப்பூட்டுகளில் ஒவ்வொரு தொட்டியும் 33.53 மீட்டர் அகலமும் 304.8 மீட்டர் நீளமும் உடையது என்பதால், அவற்றில் நுழையும் கப்பல் வழக்கமாக 32.31 மீட்டர் அகலத்தையும் 294.13 மீட்டர் நீளத்தையும் தாண்டக்கூடாது. பல பயணக் கப்பல்கள் ஏறத்தாழ 32.2 மீட்டர் அகலத்தில் கட்டப்பட்டதற்கு இந்த வரம்பே காரணம். அப்படிப்பட்ட கப்பல் தொட்டிக்குள் நிற்கும்போது இருபுறமும் சேர்த்தே ஒன்றேகால் மீட்டருக்குச் சற்று கூடுதலான இடைவெளிதான் மிஞ்சும். புதிய தொட்டிகள் 55 மீட்டர் அகலமும் 427 மீட்டர் நீளமும் கொண்டவை, அவற்றில் 51.25 மீட்டர் அகலமும் 370.33 மீட்டர் நீளமும் வரையுள்ள கப்பல்கள் அனுமதிக்கப்படுகின்றன.

இரண்டு அளவுகளில் ஒன்று மீறினாலும் பழைய வழி அடைபட்டுவிடும். ‘கரீபியன் பிரின்சஸ்’ கப்பல் ஏறத்தாழ 290 மீட்டர் நீளமே உடையது. நீளத்தை மட்டும் பார்த்தால் பழைய நீர்ப்பூட்டுக்குள் அடங்கியிருக்கும். ஆனால் அதன் அகலம் 36 மீட்டர் என்பதால், 2017 அக்டோபரில் புதிய நீர்ப்பூட்டுகளின் வழியேதான் கடந்தது. 333 மீட்டர் நீளமும் 41 மீட்டர் அகலமும் கொண்ட ‘நார்வீஜியன் பிளிஸ்’ 2018 மே மாதத்தில் கடந்தபோது எந்தக் குழப்பத்துக்கும் இடமே இருக்கவில்லை.

கப்பல் நிறுவனத்தின் தளத்தில் அகலத்தைத் தேடும்போது ஓர் எச்சரிக்கை தேவை. பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் மாலுமி மேடையையும் சேர்த்த பெரும அகலத்தைச் சில தளங்கள் தருகின்றன. நமக்கு வேண்டியது கப்பலின் உடல் அகலமே.

சுக்கான்:
மேலே சொன்னதோடு உயரத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பசிபிக் முனையில் 1962-இல் திறக்கப்பட்ட அமெரிக்காக்களின் பாலத்தின் கீழே எந்தக் கப்பலும் சென்றாக வேண்டும் என்பதால், நீர்மட்டத்துக்கு மேல் 57.91 மீட்டர் என்பது பொது வரம்பு. நீர் தாழ்ந்திருக்கும் வேளையில் முன்னனுமதியோடு 62.5 மீட்டர் வரை விடுவார்கள். ஏறத்தாழ 72 மீட்டர் உயரும் ‘ஒயாசிஸ்’ வகைக் கப்பல்களைக் கால்வாயில் காண முடியாததற்கு நீர்ப்பூட்டுகளைக் குறை சொல்லிப் பயனில்லை.

‘பகுதிக் கடத்தல்’ என்று விற்கப்படும் பயணங்களும் உண்டு. அவற்றில் கப்பல் அட்லாண்டிக் பக்கமிருந்து கால்வாயின் நடுவிலுள்ள காத்தூன் ஏரி வரை ஏறி, வந்த வழியே திரும்பிவிடும்; பசிபிக் பக்கத்துப் பழைய நீர்ப்பூட்டுகளான பெத்ரோ மிகேல், மிராஃப்லோரெஸ் இரண்டையும் அந்தக் கப்பலிலிருந்து பார்க்கவே முடியாது. உங்கள் பயணம் கடலிலிருந்து கடலுக்குச் செல்வதால் இந்தக் கவலை உங்களுக்கு இல்லை.

கரைக்காற்று:
இருவருக்கும் நன்றி. தேடிப் பார்த்துவிட்டேன்: எங்கள் கப்பலின் உடல் அகலம் 36 மீட்டர், நீளம் 289 மீட்டர். ஆக, முகவர் சொன்ன விடை சரி, காரணம்தான் பிழை. எஞ்சின்களைப் பார்க்கும் ஆசையை விட்டுவிட வேண்டியதுதானா?

நங்கூரம்:
உங்கள் கப்பலைப் பிடிக்கும் எஞ்சின்களை மறந்துவிடுங்கள். புதிய நீர்ப்பூட்டுகளில் தண்டவாளமே கிடையாது, முன்னும் பின்னும் நிற்கும் இழுவைப் படகுகள்தாம் கப்பலை நிலைப்படுத்துகின்றன. பழைய வழியில் நான் சென்றபோது மிகவும் ரசித்தது, அத்தனை பெரிய கப்பலுக்கு முதல் கயிற்றை இருவர் துடுப்புப் படகில் வந்து கொடுத்ததைத்தான். அந்தக் காட்சி உங்களுக்குக் கிடைக்காது. அடுத்த தடத்தில் வேறொரு கப்பல் கைக்கெட்டும் தூரத்தில் ஏறி இறங்குவதையும் நீங்கள் பார்க்க முடியாது, ஏனெனில் புதிய வழி ஒற்றைத் தடம் கொண்டது.

ஆயினும் புதிய வழியில் வேறு சில காட்சிகள் உண்டு. பழைய கதவுகள் இரட்டைக் கதவுபோல நடுவில் வந்து சேர்பவை. புதியவையோ பக்கச் சுவருக்குள்ளிருந்து தொட்டியின் குறுக்கே நகர்ந்து வருபவை. ஒவ்வொரு தொட்டிக்கும் பக்கத்தில் படிப்படியாக மூன்று நீர்ச்சேமிப்புக் குளங்கள் இருப்பதையும், தொட்டியிலிருந்து இறங்கும் நீர் அவற்றில் நிரம்புவதையும் மேல்தளத்திலிருந்து நன்றாகப் பார்க்கலாம். ஒவ்வொரு முறையும் பயன்படும் நீரில் 60 விழுக்காட்டை மீண்டும் பயன்படுத்துவதற்கான ஏற்பாடு இது. இரண்டு வழிகளிலும் நீரை ஏற்ற பம்பு கிடையாது, ஏரியின் உயரமே அந்த வேலையைச் செய்கிறது.

சுக்கான்:
எஞ்சின்களைத் தொலைவிலிருந்தாவது பார்த்துவிடலாம். காலையில் நீங்கள் ஏறப்போகும் அட்லாண்டிக் பக்கத்துப் புதிய அகுவா கிளாரா நீர்ப்பூட்டுகள் பழைய காத்தூன் நீர்ப்பூட்டுகளுக்குக் கிழக்கே அருகிலேயே இருக்கின்றன. ஆகவே ஏரியை நோக்கிச் செல்லும் உங்கள் கப்பலின் வலப்புற மேல்தளத்தில் நின்றால், அங்கே ஏறும் கப்பல்களும் அவற்றோடு ஊரும் எஞ்சின்களும் தெரியும். ஒரு தொலைநோக்கி இருந்தால் இன்னும் நல்லது.

கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 26 மீட்டர் உயரத்திலுள்ள ஏரியையும் மலையை வெட்டி அமைத்த குலேப்ரா வெட்டு என்ற கால்வாய்ப் பகுதியையும் கடந்த பின், பெத்ரோ மிகேலுக்குள் நுழையாமல் தனி வாய்க்கால் ஒன்றின் வழியே உங்கள் கப்பல் பசிபிக் பக்கத்துப் புதிய நீர்ப்பூட்டுகளான கோகோலிக்குப் போகும். இப்போது பழைய வழி உங்கள் இடப்புறம். அந்த வாய்க்கால் பக்கத்தில் பழைய வழியிலுள்ள மிராஃப்லோரெஸ் ஏரியைவிட ஏறத்தாழ 9 மீட்டர் உயரத்தில் இருப்பதால், ஓர் அணைக்கு அப்பால் மற்றக் கப்பல்கள் உங்களுக்குக் கீழே மிதப்பதைக் காணலாம். பழைய வழியில் செல்பவர்களுக்கு இந்தக் கோணம் வாய்ப்பதில்லை. எனவே காலையில் வலப்புறத்திலும் பிற்பகலில் இடப்புறத்திலும் இடம் பிடியுங்கள். முதல் கதவை அணுகுவதற்கு அரை மணி நேரம் முன்பே தளத்துக்குப் போய்விடுங்கள், பிறகு கம்பியோரத்தில் இடம் கிடைக்காது.