"கிளியர் 21 டேஸ்" என்பதைத் தமிழில் எப்படி எழுதுவது?

கேள்வி:
ஒரு கம்பெனியின் பங்குதாரர் கூட்ட நடைமுறைக் குறிப்பைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். அதில் "கிளியர் ட்வென்டி ஒன் டேஸ் நோட்டீஸ்" என்று வருகிறது. "தெளிவான 21 நாள்" என்று போட்டால் படிக்கிறவர்கள் சிரிப்பார்கள். வானிலைக்காரர்கள் சொல்லும் கிளியர் டே, அதாவது மேகமில்லாத நாள், அதுவும் இங்கே ஒட்டவில்லை. இந்த இடத்தில் கிளியருக்கு என்னதான் பொருள்?

பதில்:
இங்கே கிளியர் என்றால் முழுசாக, வெட்டுப்படாமல். 2013 கம்பெனிகள் சட்டம் 101-ஆம் பிரிவில் இருக்கும் சொல் இது. அறிவிப்பு கிடைத்த நாளையும் சேர்க்கக் கூடாது, கூட்டம் நடக்கும் நாளையும் சேர்க்கக் கூடாது, நடுவில் 21 நாள் நிற்க வேண்டும். ஜூன் 1 அன்று கிடைத்தால் 2 முதல் 22 வரை 21 நாள், ஆக 23-க்கு முன்னால் கூட்டம் வைக்க முடியாது (குறுகிய அறிவிப்புக்கு உறுப்பினர்கள் சட்டப்படி சம்மதம் தந்தால் வேறு விஷயம்). அப்புறம், தபாலில் அனுப்பினால் போட்டதிலிருந்து 48 மணி நேரம் கழித்துத்தான் கிடைத்ததாகக் கணக்கு. "முழுமையாக 21 நாள்" என்று எழுதுங்கள்.

பதில்:
இந்தச் சொல்லுக்குத் தெளிவு என்ற பொருளை மட்டும் பிடித்துக்கொண்டால் பாதி இடங்களில் மாட்டிக்கொள்வோம். நியூயார்க் சுரங்க ரயிலில் "ஸ்டாண்ட் கிளியர் ஆஃப் தி க்ளோசிங் டோர்ஸ்" என்பார்கள், கதவை விட்டு விலகி நில் என்று அர்த்தம். கிளியர் ப்ராஃபிட் என்றால் செலவெல்லாம் போகக் கையில் நிற்கும் லாபம். கிளியர் கான்ஷியன்ஸ் என்றால் உறுத்தல் இல்லாத மனசு. எல்லாவற்றிலும் குறுக்கே எதுவும் இல்லை என்பதுதான் அடியில் ஓடுகிறது. பின்னால் வரும் சொல்லையும் பாருங்கள்: "கிளியர் டு மீ" என்றால் எனக்குப் புரிகிறது, "கிளியர் ஆஃப்" என்றால் விலகி.

பதில்:
"முழுமையாக" போதாது. யாராவது ஒருவர் முதல் நாளையும் சேர்த்து எண்ணிவிட்டு அதுவும் முழு நாள்தானே என்று சண்டைக்கு வருவார். "அறிவிப்பு கிடைத்த நாளும் கூட்ட நாளும் நீங்கலாக 21 நாள்" என்று போடுங்கள். நீளம்தான், ஆனால் வாதாட இடமில்லை. இன்னொன்று, அரியரை கிளியர் பண்ணினான் என்று நாம் சொல்வது வினைச்சொல், அதை இதோடு குழப்பாதீர்கள்.

கேட்டவர்:
சரி, "நீங்கலாக" என்றே போட்டுவிடுகிறேன். இவர்கள் எல்லா அறிவிப்பையும் தபாலில்தான் அனுப்புகிறார்கள், அந்த 48 மணி நேரம் குறிப்பில் எங்கேயும் இல்லை. அதை முதலில் மேலிடத்தில் சொல்ல வேண்டும்.