கீபிரேமுக்குத் தமிழ் வேண்டும், வியாழனுக்குள்

வட்டக்கச்சி ரீச்சர், திங்கள் காலை

குழுமத்தாருக்கு வணக்கம்.

கிளிநொச்சியில் கணித ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சிப் பட்டறை வைக்கிறோம். கரும்பலகையில் அசைத்துக் காட்ட முடியாதவற்றைக் கணினியில் வரைந்து காணொளியாக்குவதுதான் விசயம். முக்கோணியைச் சுழற்றுவது, பரவளைவை மேலும் கீழும் பெயர்ப்பது, படித்திறன் கூடக் கூட நேர்கோடு நிமிர்வது, இப்படி. மானிம் என்ற பைதன் தொகுப்பில் செய்கிறோம். இலவசம்.

கையேட்டைத் தமிழில் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. பிரேமுக்குச் சட்டகம், அனிமேசனுக்கு அசைவூட்டம் என்று போட்டேன். சார்பு, ஆள்கூறு, காவி எல்லாம் பாடப்புத்தகத்தில் உள்ளபடியே. இரண்டு சொல்லில்தான் நின்றுவிட்டேன். இரண்டு செக்கன் ஓடும் காட்சி, செக்கனுக்கு 60 சட்டகம் என்றால் மொத்தம் 120. அதில் முதலும் கடைசியும் எப்படி இருக்க வேண்டும் என்று நாங்கள் சொல்கிறோம். அது கீபிரேம். நடுவில் உள்ள 118ஐயும் கணினி தானே போட்டுக்கொள்கிறது. அந்த வேலைக்கு ஒரு பெயர் வேண்டும்.

திறவுச் சட்டகம் என்று எழுதிப் பார்த்தேன். வீட்டில் வாசித்தவர், பூட்டு எங்கே என்று கேட்டார். வியாழக்கிழமை அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டும். வருகிற ஆசிரியர்களில் கனபேர் ஓய்வுபெறும் வயதை நெருங்கியவர்கள். பார்த்தவுடன் விளங்கவேண்டும், அவ்வளவுதான்.


ஒட்டுசுட்டான் மாஸ்டர், திங்கள் மாலை

ரீச்சர், சொல்லைத் தேடி எங்கேயும் போக வேண்டாம். பவணந்தி முனிவர் நன்னூலில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். "பகுதி விகுதி இடைநிலை சாரியை, சந்தி விகாரம் ஆறினும்" என்பது பதவியல் சூத்திரம்.

நடந்தான் என்பதைப் பிரியுங்கள். நட பகுதி. ஆன் விகுதி. காலம் எங்கே ஒளிந்திருக்கிறது? நடுவில் நிற்கும் த் என்ற இடைநிலையில். நடக்கின்றான் என்றால் கின்று, நடப்பான் என்றால் ப். பகுதி அப்படியே நிற்கும், விகுதியும் அப்படியே நிற்கும், காலத்தைக் காட்டுவது இடைநிலை. உங்கள் காணொளியிலும் அதுதானே நடக்கிறது? முதற் படமும் கடைசிப் படமும் அசையாமல் நிற்க, காலம் ஓடுவது நடுவில். ஆகவே பகுதிச் சட்டகம், விகுதிச் சட்டகம், இடைநிலைச் சட்டகம். புதிதாக ஒன்றும் ஆக்கவேண்டிய தேவை இல்லை. ஒன்பதாம் ஆண்டுப் பிள்ளைக்கே விளங்கும்.


அறிவியல் நகர், திங்கள் இரவு

மாஸ்டரின் இலக்கணம் கேட்க நல்லாய் இருக்கிறது. ஆனால் இரண்டு விசயம்.

முதலாவது, மானிமில் கீபிரேம் என்று ஒன்றே இல்லை. அது பிளெண்டர் போன்ற மென்பொருளின் சொல். அதற்கும் முன்னால் கையால் கார்ட்டூன் வரைந்த காலத்துச் சொல்: மூத்த ஓவியர் முக்கியமான நிலைகளை வரைந்து கொடுப்பார், இளையவர்கள் நடுப்படங்களை வரைந்து நிரப்புவார்கள். மானிமில் தொடக்க உருவம், இலக்கு உருவம் என்று இரண்டைக் கொடுத்தால் போதும். இருந்தாலும் பட்டறை முடிந்து வேறு மென்பொருளுக்குப் போகிறவர்களுக்குக் கீபிரேம் தேவைப்படும்தான்.

இரண்டாவது, நடுவில் நிரப்பும் வேலைக்குக் கணிதத்தில் ஏற்கெனவே இடைச்செருகல் என்ற சொல் இருக்கிறது. அ என்ற புள்ளி ஆ என்ற இடத்துக்குப் போகிறது என்றால் நடுவில் அதன் இடம் (1 − க) × அ + க × ஆ. க பூச்சியமாக இருக்கும்போது அ, ஒன்றாகும்போது ஆ. மானிம் வரையும் வளைகோடுகளே இப்படிப் பிறந்தவைதான். சிட்ரோயன் கார் நிறுவனத்தில் பால் தெ காஸ்தெல்ஜோ 1959இல் கண்ட வழி அது: புள்ளிகளுக்கு நடுவே புள்ளி, அவற்றுக்கும் நடுவே புள்ளி. எல்லாம் இடைச்செருகல்.


ஒட்டுசுட்டான் மாஸ்டர், செவ்வாய் விடிய

> கணிதத்தில் ஏற்கெனவே இடைச்செருகல் என்ற சொல் இருக்கிறது

இருக்கலாம் தம்பி. அதை அங்கே வைத்தவருக்குத் தமிழ் இலக்கியம் தெரியாது என்பது மட்டும் தெரிகிறது. இடைச்செருகல் என்றால் கள்ளப் பாட்டு. கம்பன் எழுதாததைக் கம்பன் பெயரில் நுழைத்தது. வெள்ளியம்பலத் தம்பிரான் செருகியவை என்பதால் வெள்ளி பாடல் என்றே அவற்றுக்குப் பெயர். பதிப்பாசிரியர்கள் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு அவற்றைப் பொறுக்கி எடுத்துப் பின்னிணைப்பில் தள்ளினார்கள். நீங்கள் 118 வெள்ளி பாடல்களைப் போட்டு, அதற்குக் கணிதக் காணொளி என்று பெயர் வைக்கப் போகிறீர்களா?


மதுரை, செவ்வாய் காலை

இடைநிலை வேண்டாம் ஐயா. எங்கள் பாடநூலில் இடைநிலை அளவு என்றால் மீடியன். நடுச் சட்டகங்களை இடைநிலைச் சட்டகம் என்று எழுதினால், 120ல் 60ஆவதா 61ஆவதா என்று பையன் கணக்குப் போட ஆரம்பித்துவிடுவான். கீபிரேமுக்கு முதன்மைச் சட்டகம் போதுமே. அப்புறம் ஒரு செய்தி: இடைச்செருகலின் ஆங்கிலச் சொல்லுக்கும் மூலம் இலத்தீன்தான். பழையதை மெருகேற்றுவது, ஏட்டில் திரித்து எழுதுவது என்று அங்கேயும் அதே கள்ளப் பொருள். ஜான் வாலிஸ் 1656இல் அதைக் கணிதத்துக்குக் கொண்டுவந்தார். அவர்கள் கூச்சப்படவில்லை.


வட்டக்கச்சி ரீச்சர், செவ்வாய் இடைவேளை

மதுரை சொன்னது எங்களுக்கு வேறு விதமாய் இடிக்கிறது. இங்கே மீடியன் இடையம். சராசரிக்குத்தான் இடை என்று பெயர். ஆகையால் இடைச் சட்டகம் என்று தனியே எழுதினால் எங்கள் பிள்ளை எல்லாச் சட்டகத்தையும் கூட்டி எண்ணிக்கையால் வகுக்கும். இடை என்ற சொல்லே கணிதத்தில் நெரிசலாகிவிட்டது. (நீங்கள் திசையன் என்பதை நாங்கள் காவி என்கிறோம், நீங்கள் அணி என்பது எங்களுக்குத் தாயம். அந்தச் சண்டையை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம்.)


மாங்குளத்தான், செவ்வாய் இரவு

நான் நீர்ப்பாசனத்தில் இருந்து ஓய்வுபெற்றவன். மானிம் தெரியாது. வேலி தெரியும்.

காணிக்கு வேலி அடைக்கிறவன் என்ன செய்கிறான்? மூலைகளில் கதியால் ஊன்றுகிறான். நூல் பிடிக்கிறான். பிறகு நடுவில் உள்ளதை யார் வேண்டுமானாலும் நிரப்பலாம். ரீச்சர் கேட்ட முதலாவது பொருளுக்குக் கதியால் என்ற சொல் எங்கள் வளவிலேயே நிற்கிறது.

இன்னும் கேளுங்கோ. கதி என்றால் என்ன? பௌதிகவியல் புத்தகத்தைத் திறவுங்கள், ஒரு பொருள் எவ்வளவு விரைவாய்ப் போகிறது என்பது கதி. கால் என்றால் ஊன்றி நிற்பது. பந்தற்கால், நாற்காலி. கதிக்கால் என்பதுதான் மருவிக் கதியால் ஆகியிருக்க வேண்டும். அசைவைத் தாங்கி நிற்கும் கால்! கீபிரேமுக்கு இதைவிடப் பொருத்தமான சொல்லை எந்தக் கலைச்சொல் குழு ஆக்கித் தரும்? எங்கள் முன்னோர் கணினி வருவதற்கு முன்பே சொல்லைச் செய்து வைத்துவிட்டார்கள்.


ஒட்டுசுட்டான் மாஸ்டர், அதே இரவு

கதிக்கால் கதியால் ஆவதற்கு இலக்கணம் எங்கே? க் கெட்டு ய் தோன்றுவது எந்தச் சூத்திரத்தில்? பந்தற்கால் பந்தயால் ஆகவில்லையே. அதுவும் வேலியில் நிற்பது அசையக்கூடாத தடி. அதற்குப் போய் ஓட்டத்தின் பெயரை எவன் வைப்பான்?


மாங்குளத்தான், சற்றுப் பிறகு

அருமருந்தன்ன பிள்ளை அருமந்த பிள்ளை ஆனபோது சூத்திரம் கேட்டுக்கொண்டா ஆனது? மரூஉ என்று நீங்கள்தான் வகுப்பில் படிப்பித்தீர்கள். கதியால் அசையாது என்பதும் பிழை. கிளுவையையும் பூவரசையும் மழைக்கு முன் நட்டுப் பாருங்கள், தளிர்த்துக்கொண்டு எழும்பும். சீமைக்கிளுவை இன்னும் விசேசம், ஆட்டுக்குக் குழையும் ஆயிற்று.


மதுரை, புதன் காலை

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். கதியால் என்றால் என்ன?


ஸ்காபரோ, புதன் காலை

இதுக்குத்தான் கீபிரேம் என்றே விடுங்கோ என்கிறேன். பஸ், சைக்கிள், போன் எல்லாம் வந்து குடியிருக்கேல்லையா? "வடவெழுத்து ஒரீஇ" என்று தொல்காப்பியரே வெளிச்சொல்லுக்கு வழிவிட்டவர். எழுத்தைத் தமிழாக்கினால் சொல் தமிழ்.


ஒட்டுசுட்டான் மாஸ்டர், புதன் காலை

அது வடசொல்லுக்குச் சொன்னது. கீபிரேமில் கீ எந்தத் திசை? கணினிக்காரர்கள் எழுதுவதற்கெல்லாம் தொல்காப்பியரைப் பிணை நிறுத்த வேண்டாம். மானிப்பாயில் டொக்டர் கிறீன் உடற்கூற்றையே தமிழில் படிப்பித்தார். நூறு ஆண்டுக்கும் முந்திய கதை. அமெரிக்காவிலிருந்து வந்தவருக்கு இருந்த ரோசம் இங்கே பிறந்தவனுக்கு இல்லை.


அறிவியல் நகர், புதன் மதியம்

வேலிச் சண்டைக்கு நடுவில் ஒரு விசயம் சொல்ல வேண்டும். பட்டறைக்கான மாதிரிக் காட்சியை நேற்று ரீச்சருக்கு அனுப்பியிருந்தேன். முக்கோணியை ஒரு மையம் பற்றி 180 பாகை சுழற்றுவது. தொடக்க நிலை கொடுத்தேன், இறுதி நிலை கொடுத்தேன், நடுவைக் கணினியிடம் விட்டேன். ஓட விட்டால் முக்கோணி சுழலவில்லை. சுருங்கிச் சுருங்கி நடுவில் ஒரு புள்ளியாகி, பிறகு மறுபக்கம் தலைகீழாய் விரிந்தது.

காரணம் அந்தச் சூத்திரமேதான். ஒவ்வோர் உச்சியும் மையத்துக்கு எதிரே உள்ள புள்ளிக்கு நேர்கோட்டில் போகிறது. க அரைவாசி ஆகும் நேரத்தில் எல்லா உச்சியும் மையத்திலேயே நிற்கும். 90 பாகைக்குச் செய்தால் இந்தப் பிழை கண்ணில் படுவது கடினம். நடுவழியில் கிட்டத்தட்ட 71 வீதமாய்ச் சுருங்கி மறுபடி பழைய அளவுக்கு வரும். பிள்ளை அதைப் பார்த்துவிட்டுச் சுழற்சியில் நீளம் மாறும் என்று படித்துக்கொள்ளும். சுழற்சிக்கென்று மானிமில் தனிக் கட்டளை இருக்கிறது. அது புள்ளிகளை விட்டுவிட்டுக் கோணத்தை இடைச்செருகும். அதைப் போட்டபிறகு சரி.

ஆகவே மாஸ்டர் சொன்ன கள்ளப் பாட்டு விளக்கம் எனக்கு இப்போது பிடித்திருக்கிறது. முதலும் முடிவும் சரி, நடுவில் நாங்கள் சொல்லாத ஒன்றைக் கணினி செருகிவிட்டது. ஒவ்வோர் ஆசிரியரும் நடுச் சட்டகங்களைச் சந்தேகக் கண்ணோடு பார்க்க வேண்டும். அதற்கு இடைச்செருகலை விட நல்ல சொல் இல்லை.


ஒட்டுசுட்டான் மாஸ்டர், புதன் மதியம்

நான் வேண்டாம் என்று சொன்ன காரணத்தையே வேண்டும் என்பதற்கு எடுத்துக்கொண்டீர்கள். கெட்டிக்காரன். ஆனால் சரியாய்ச் சுழலும் முக்கோணிக்கும் அதே பெயரா? கம்பன் எழுதிய பாட்டையும் வெள்ளி பாடல் என்பீர்களா?


வட்டக்கச்சி ரீச்சர், புதன் இரவு

பக்க அமைப்பை முடிக்கவேண்டும், அதனால் நானே கோடு கீறுகிறேன்.

தனிமடலில் எழுதியவர்களையும் சேர்த்துப் பார்த்தால் கீபிரேமுக்கு முதன்மைச் சட்டகம் என்பதற்குத்தான் ஆட்கள் கூட. ஆசைப்பட்டுச் சொன்னவர்கள் குறைவு, சரி போடுங்கோ என்றவர்கள்தான் அதிகம். முதல் தரம் வரும் இடத்தில் மட்டும் பக்கத்தில் கீபிரேம் என்றும் எழுதுகிறேன். நடுவில் நிரப்பும் வேலைக்கு இடைநிரப்பல். இடைச்செருகலைக் கணிதச் சூத்திரம் வரும் பக்கத்தில் மட்டும் வைத்திருக்கிறேன், ஏனென்றால் உயர்தரம் படிப்பிக்கிறவர்கள் அதைத்தான் தேடுவார்கள். சுருங்கும் முக்கோணியையும் கையேட்டில் சேர்த்துவிட்டேன், முழுப் பக்கம்.

கதியால் எனக்கும் பிடித்த சொல். ஆனால் பட்டறைக்கு மலையகத்திலிருந்து வந்து இங்கே கற்பிக்கும் இரண்டு ஆசிரியர்களும் வருகிறார்கள். அவர்களுக்கு வேலியில் தொடங்கி விளங்கப்படுத்த என்னால் ஏலாது.


ஒட்டுசுட்டான் மாஸ்டர், வியாழன் விடிய

இடைநிரப்பல் பரவாயில்லை, உயிரில்லாத சொல். இடைநிலையை விட்டது பெரும் பிழை என்பதைப் பதிவு செய்கிறேன். இனி அச்சுக்காவது ஒழுங்காய்ப் போகட்டும்: எட்டாம் பக்கத்தில் முதன்மை சட்டகம் என்று இருக்கிறது. ச் மிகும்.


அறிவியல் நகர், வியாழன் காலை

ரீச்சர், ஒரு சின்னப் பிரச்சினை. பின்னிணைப்பில் உள்ள மாதிரி நிரலில் மாறிகளுக்கு நான் கதியால்1, கதியால்2 என்று பெயர் வைத்துவிட்டேன். பைதன் 3 தமிழ் எழுத்தில் மாறிப்பெயரை ஏற்கும், பிழை ஒன்றும் காட்டாது. அட்டவணையில் முதன்மைச் சட்டகம், நிரலில் கதியால் என்றால் குழப்பமா?


வட்டக்கச்சி ரீச்சர், வியாழன் காலை

குழப்பம்தான். மாற்றி அனுப்பு. மூன்று மணிக்கு அச்சகம்.


மாங்குளத்தான், வியாழன் காலை

மாற்றாதே தம்பி.