கடும் நிமோனியாவிலிருந்து மீண்ட அப்பாவை நடக்கவிடலாமா?

கேள்வி (நீடாமங்கலம் பக்கம்)

வணக்கம். என் அப்பாவுக்கு 61 வயது. கடும் நிமோனியாவால் 19 நாள் மருத்துவமனையில் இருந்தார். அதில் 8 நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில். வீட்டுக்கு வந்து பத்து நாளாகிறது. உட்கார்ந்திருக்கும்போது விரலில் மாட்டும் கருவி ரத்த ஆக்சிஜன் அளவு 95 சதவீதம் என்று காட்டுகிறது. ஆனால் திண்ணையிலிருந்து கொல்லைக் கிணற்றடி வரை போய்த் திரும்பினால், தூணைப் பிடித்துக்கொண்டு பேச முடியாமல் நின்றுவிடுகிறார். அனுப்பும்போது மாத்திரையும் மூச்சுப் பயிற்சிக்கான மூன்று பந்துக் கருவியும் கொடுத்தார்களே தவிர, எவ்வளவு நடக்கலாம் என்று ஒருவரும் சொல்லவில்லை. நுரையீரல் புண் ஆறும்வரை அசையவே கூடாது என்கிறார்கள் உறவினர்கள். அப்பாவோ சம்பா அறுவடைக்குக் களத்துக்குப் போயே தீருவேன் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில் 1 (இயன்முறை மருத்துவர், கும்பகோணம்)

இரண்டையுமே கேட்க வேண்டாம். மூச்சுத் திணறலுக்கு நுரையீரல் மட்டும் காரணமில்லை. படுத்தே கிடந்ததில் தொடைத் தசைகள் கரைந்திருக்கும், மெலிந்த தசை அதே தூரத்துக்கு அதிக ஆக்சிஜன் கேட்கும், அதனால் மேலும் படுக்க வைப்பது மூச்சை இன்னும் குறைக்கவே செய்யும். நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி பொதுவாக 6 முதல் 12 வாரம் நடப்பதற்கும், அதில் பெரும்பங்கு நடைக்கும் கால் பயிற்சிக்கும் போவதற்கும் இதுவே காரணம்.

முதலில் ஒரு சோதனை. சமதரையில், உடன் ஒருவர் இருக்க, அவருக்கு இயன்ற வேகத்தில் நடக்கச் செய்து, நடக்கும்போதும் நின்றவுடனும் அளவைப் பாருங்கள். விரல் சில்லிட்டிருந்தால் கருவி தப்பாகக் காட்டும். மார்கழிக் காலையில் கையைத் தேய்த்துச் சூடாக்கிவிட்டு மாட்டுங்கள். அளவு 4 புள்ளியோ அதற்கு மேலோ இறங்கினாலும், 90-க்குக் கீழே போனாலும், நெஞ்சு மருத்துவரைப் பார்க்காமல் பயிற்சியைத் தொடங்காதீர்கள். நெஞ்சுவலி, இருமலில் ரத்தம், ஒரு காலில் மட்டும் வீக்கம் இருந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அந்தப் பந்துக் கருவியை ஊதக் கூடாது, உறிஞ்ச வேண்டும். பத்தில் எட்டு வீட்டில் ஊதிக்கொண்டிருக்கிறார்கள். திணறும்போது முன்னால் குனிந்து கைகளைத் தொடைமேல் ஊன்றி, மூக்கால் இரண்டு எண்ணும்வரை இழுத்து, உதட்டைக் குவித்து நான்கு எண்ணும்வரை விடச் சொல்லுங்கள்.

பதில் 2 (திருவாரூர்)

நானும் இதைக் கடந்தவன். நடைக்கு எங்கள் தெரு மின்கம்பங்கள்தான் கணக்கு: முதல் வாரம் ஒரு கம்பம், உட்கார்ந்து எழுந்து திரும்புவேன், ஆறாவது வாரம் பெருமாள் கோயில் குளத்தை ஒரு சுற்று. பத்துக்கு எவ்வளவு மூச்சு வாங்குகிறது என்று எனக்கே மதிப்பெண் போட்டுக்கொண்டு, மூன்று நான்கைத் தாண்டினால் நின்றுவிடுவேன். ஒரு நாள் வீம்பாக இரட்டிப்பாக நடந்ததற்கு இரண்டு நாள் எழுந்திருக்க முடியவில்லை. ஸ்டீராய்டு கொடுத்திருந்தால் சர்க்கரையையும் பார்த்துவிடுங்கள், எனக்கு ஏறியிருந்தது.

பதில் 3 (பட்டுக்கோட்டை)

களத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தூற்றும்போது எழும் தூசும் வைக்கோல் எரிக்கும் புகையும் ஒருபுறம் இருக்க, ஈரத்தில் பூஞ்சை பிடித்த வைக்கோலைப் பிரித்தால் நல்ல நுரையீரலுக்கே ஒவ்வாமை அழற்சி வரும். இந்தப் பருவத்துக்கு அவர் போகவே வேண்டாம். கும்பகோணம்வரை அலைய முடியாவிட்டால் உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தருவதும் உண்டு.

கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. நேற்று மாலை வாசலில் நடக்கவிட்டுப் பார்த்தேன்: 95-இலிருந்து 90-க்கு இறங்கி, உட்கார்ந்து மூன்று நிமிடம் கழித்தே பழைய அளவுக்கு வந்தது. எனவே பயிற்சியைத் தொடங்கவில்லை; நாளைக் காலை தஞ்சாவூரில் நெஞ்சு மருத்துவரிடம் அழைத்துப் போகிறேன். பந்துக் கருவியை நாங்களும் ஊதிக்கொண்டுதான் இருந்தோம். களத்துக்கு நான் போகிறேன். மூட்டைக் கணக்கைத் திண்ணையில் உட்கார்ந்தே எழுதுவதாக அப்பா அரைமனதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்.