சித்தியின் பழைய பயாப்ஸி திசு: எப்படித் தேடுவது?

அம்மா, சித்தி இருவருமே மார்பகப் புற்றுநோயில் போனவர்கள். இப்போது தங்கைக்கு மரபணு ஆலோசனை. பிஆர்சிஏ (மார்பகப் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டும் மரபணு மாற்றம்) சோதனையை நோய் வந்தவரிடம் தொடங்குவதுதான் நல்லது என்கிறார் மருத்துவர். எங்கள் வீட்டில் அப்படி யாரும் உயிரோடு இல்லை. அதனால் கண்டுபிடித்த வயது, ஒரு பக்கமா இரு பக்கமா, ட்ரிப்பிள் நெகட்டிவ் (இரண்டு ஹார்மோன் ஏற்பிகளும் ஹெர்2 புரதமும் காணப்படாத) வகையா என்று கேட்கிறார்.

அம்மாவின் கோப்பு பத்திரமாக இருக்கிறது: 2011, வயது 47, இடது பக்கம். சித்தி 1999இல் இறந்தார். அவருக்கு ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை.

சொந்தக்காரர்களைக் கேட்டேன். சித்தியின் சிரிப்பு, எல்லோருக்கும் அவர் வைத்த பட்டப்பெயர் வரைக்கும் ஞாபகம் இருக்கிறது. வயது மட்டும் 27 என்பார் ஒருவர், 32 என்பார் இன்னொருவர். 1997 என்று பின்னால் எழுதிய ஒரு கல்யாணப் படத்தில் தலையில் ஸ்கார்ஃப், பென்சிலால் வரைந்த புருவம், ஒன்று மற்றதைவிடக் கொஞ்சம் மேலே. ஆக, கீமோ அதற்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும்.

இறப்புச் சான்றிதழில் வெறும் ‘புற்றுநோய்’. சிகிச்சை பெற்ற மருத்துவமனையில் பழைய கோப்புகளை அழித்துவிட்டார்களாம். சித்தப்பாவும் இல்லை.

பயாப்ஸி திசுவைப் பாரஃபின் பிளாக்காக, அதாவது மெழுகில் பதித்த கட்டியாக, நோயியல் ஆய்வகம் தனியாக வைத்திருக்கும், கோப்பு போனாலும் சில இடங்களில் அது தப்பிவிடும். எனக்கு மிச்சமிருக்கும் ஒரே வழி அதுதான்.

இவ்வளவு பழைய பிளாக்கைத் தேடி எடுத்தவர்கள் இருந்தால், ஆய்வகத்தில் யாரிடம், என்ன விவரம் கொடுத்துக் கேட்டீர்கள்?