முன் பிரேக் பழகுறது எப்படி? (நம்ம தெரு குரூப்)

கவிதா அக்கா: பிரபாவுக்கு லைசென்ஸ் வந்துடுச்சு. எட்டு சூப்பரா போடுறான். ஆனா எங்க நிறுத்தினாலும் பின் பிரேக் மட்டும்தான். முன்னாடி புடிச்சா தூக்கி அடிக்கும்ங்கிறான் 😟

செந்தில்: எட்டு போட்ட பழக்கம்க்கா அது. ஹேண்டில் திரும்பியிருக்கும்போது முன் பிரேக்கைத் தொட்டா வண்டி சாஞ்சிடும், அதனால அரை கிளட்ச்சும் லேசான பின் பிரேக்கும்தான் அங்க சரி. ரோட்டுல நேரா போகும்போது அப்படி இல்ல. பிரேக் புடிச்சதும் எடை முன்னாடி வந்துடும், பின் டயருக்குப் புடிப்பு குறைஞ்சிடும். பின்னாடி மட்டும் மிதிச்சா கிரீச்னு இழுத்துட்டே போகும், நிக்காது.

ரஃபீக் அண்ணன்: என்ன வண்டிம்மா?

கவிதா அக்கா: ஸ்ப்ளெண்டர், 2021. ரெண்டு சக்கரத்துலயும் ட்ரம் பிரேக். ஸ்கூல் கிரவுண்டுல பழகட்டுமா?

செந்தில்: மண்ணுல வேணவே வேணாம், முன் டயர் வழுக்கினா உடனே கீழதான். புது லேஅவுட்டுல தார் ரோடு காலியா கிடக்கு. முதல்ல மணலைக் கூட்டிடுங்க. ஹெல்மெட், ஷூ, கிளவுஸ் கண்டிப்பா.

ரஃபீக் அண்ணன்: அந்த வண்டியில பெடலை மிதிச்சா முன் பிரேக்கும் கொஞ்சம் சேர்ந்து புடிக்கும். 125 சிசி வரைக்கும் 2019 ஏப்ரல்ல இருந்து அது கட்டாயம். ஆனா அது மட்டும் பத்தாது, கையில இருக்கிற முன் பிரேக் லிவரையும் புடிக்கணும்.

செந்தில்: சாக்பீஸ்ல ஒரு கோடு. 20 வேகத்துல வந்து, கோட்டுல ஆக்சிலேட்டரை மூடி, ரெண்டு பிரேக்கையும் சேர்த்து. லிவரை வெடுக்குன்னு இழுக்கக் கூடாது. முதல்ல லேசா, ஃபோர்க் (முன் சக்கரத்து ஷாக்) அமுங்கினதும் நல்லா அழுத்தணும். பார்வை தூரத்துல, டயர்ல இல்ல. முன் டயர் லாக் ஆனா, அதாவது சுத்தாம இழுத்துட்டுப் போனா, சட்டுனு விட்டு மறுபடி புடிக்கணும். கை பழகின பிறகு 30, அப்புறம் 40. வேகம் ரெட்டிப்பானா நிக்கிற தூரம் நாலு மடங்கு: 20ல 3 மீட்டர்னா 40ல 12.

மணி மாமா: கிளட்ச்சையும் சேர்த்தே புடிச்சிடலாமே?

செந்தில்: வேணாம் மாமா, இன்ஜின் இழுத்துப் புடிக்கிறது போயிடும். நிக்கப் போற நேரத்துல புடிச்சாப் போதும்.

ரஃபீக் அண்ணன்: நாலஞ்சு தடவைக்கு ஒருதரம் ட்ரம்மை ஆற விடணும், சூடானா புடிப்பு குறையும். ஒண்ணு கேக்கணும்: பிரேக்கை முழுசா புடிச்சா ட்ரம் தட்டுல இருக்கிற அம்புக்குறி எங்க நிக்குது?

கவிதா அக்கா: பின் சக்கரத்துல, தட்டுல இருக்கிற அடையாளக் கோட்டைத் தொட்டுட்டு நிக்குதுண்ணே.

ரஃபீக் அண்ணன்: அப்ப பிரேக் ஷூ (ட்ரம்முக்குள்ள உரசுற பட்டை) தேஞ்சாச்சு. மாத்திட்டு ரெண்டு நாள் மெதுவா ஓட்டட்டும், அப்புறம் பழகலாம்.